ஒரு மூட்டை அரிசியும் ஒன்பது கோலிகளும்

அந்த அரிசி மூட்டை என்னுடையது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோர்ட்டில் அதை லஞ்சம் என்றார்கள், மிரட்டல் என்றார்கள், மக்களாட்சிக்கே இழுக்கு என்றார்கள். இருபத்தைந்து கிலோ நொய்யரிசியைத் தன் சம்பளத்தில் வாங்கி, கார் டிக்கியில் பத்திரமாக வைத்திருந்த சோனா ஜோப் அந்த வாரம் வீட்டில் எதைப் பொங்கினாள் என்று மட்டும் ஒருத்தரும் கேட்கவில்லை.

நான் எங்கள் தலைநகர் பாஞ்சூலில் வக்கீல் டாம்சிர் ந்ஜாயிடம் பதினோரு வருஷம் டைப்பிஸ்ட்டாக இருந்தவள். நான் ஜோப், அவர் ந்ஜாய். எங்கள் ஊரில் இதைச் சொன்னாலே கேட்பவர்கள் சிரிக்கத் தயாராகிவிடுவார்கள். இந்த இரண்டு குலத்துக்கும் கேலி முறை. கண்ட இடத்தில் திட்டிக்கொள்ளலாம், திட்டத்தான் வேண்டும். ந்ஜாய்கள் எல்லாரும் எங்கள் அடிமைகள் என்போம் நாங்கள். ஜோப்கள் எல்லாரும் அரிசித் திருடர்கள் என்பார்கள் அவர்கள். எவ்வளவு காரமாகத் திட்டினாலும் கோபம் மட்டும் வரக் கூடாது. கோபித்துக்கொண்டவன் தன் குலத்துக்கே வெட்கக்கேடு.

ஆகவே எங்கள் ஆபீஸ் காலையில் இப்படித்தான் திறக்கும்.

"வந்துட்டியா திருடி? சட்டிய வழிச்சு நக்கிட்டுத்தானே வந்தே?"

"உங்களுக்குன்னு ஒரு பிடி மிச்சம் வெச்சேன். அடிமைக்குச் சோறு போடலைன்னா ஊரு என்னைத்தானே ஏசும்?"

அடுத்த நிமிஷமே, "இதுல கையெழுத்துப் போடுங்க சார்" என்று காகிதக் கட்டை நீட்டுவேன். அவரும் சமர்த்தாகப் போடுவார்.

அவர் அரசியலுக்கு எப்படி வந்தார் என்று பின்னாளில் பத்திரிகைகள் ஏதேதோ எழுதின. பிறவித் தலைமைக் குணமாம், லண்டனில் படிக்கும்போதே கனவாம். சுத்தப் பேத்தல். பெந்தா ந்ஜாய் என்ற பெண்மணி கோர்ட்டுப் படிக்கட்டில் கேட்ட ஒரே ஒரு கேள்விதான் அவரைத் தள்ளிவிட்டது. நான் பக்கத்தில் நின்றேன்.

ஆற்றின் வடகரையில் கெர் யோரோ என்று ஓர் ஊர். அங்கே மேட்டு நிலத்தில் ஆண்கள் கடலை போடுவார்கள், ஆற்றோரச் சேற்றில் பெண்கள் நெல் போடுவார்கள். சேற்று வயல் தாயிடமிருந்து மகளுக்குக் கைமாறி வரும், அதற்குக் காகிதம் எதுவும் கிடையாது. அரசாங்கம் வந்து வாய்க்கால் வெட்டி, பம்பு வைத்து, ரொம்பக் கருணையோடு பட்டாவும் கொடுத்தது. யார் பெயரில்? சட்டப்படி குடும்பத் தலைவன் பெயரில். ஒரே நாளில் நாற்பத்தொரு பெண்கள் தங்கள் அம்மாவின் வயலில் புருஷனுக்குக் கூலிக்காரிகள் ஆனார்கள். பெந்தா அவர்களைத் திரட்டிக்கொண்டு பாஞ்சூலுக்குப் படகேறி வந்து எங்கள் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தாள்.

ஒன்றரை வருஷம் அவர்கள் வழக்கை நடத்தினார் டாம்சிர். தொண்டை கட்ட வாதாடினார். தோற்றோம். "சட்டம் இப்படித்தான் எழுதியிருக்கிறது. மாற்ற வேண்டுமானால் இதே தெருவில் இன்னொரு கட்டடம் இருக்கிறது, அங்கே போகவும்" என்று நீதிபதி எழுதினார்.

வெளியே வந்ததும் பெந்தா கேட்டாள். "தம்பி, அந்த இன்னொரு கட்டடம் எங்கே இருக்கு?"

"அதோ அக்கா. அந்த வெள்ளைச் சுவரு. பாராளுமன்றம்."

"அப்ப நீ ஏன் இங்கேயே நிக்கிறே?"

அவ்வளவுதான். அன்று சாயங்காலமே, "சோனா, வேட்புமனு ஒண்ணு டைப் பண்ணணும்" என்றார். எனக்கு எழுத்து மாறி மாறி விழுந்து மூன்று தாள் வீணாயிற்று. சந்தோஷத்தில்தான்.

எதிரி சாமானியப்பட்டவர் இல்லை. அல்ஹாஜி பிரான் சீசே. கடலை வியாபாரி, பத்து வருஷமாக அந்த வடகரைத் தொகுதி அவர் சட்டைப்பையில். எங்களிடம் இருந்தது ஒரு பழைய பெஷோ காரும், வாய் ஓயாத நானும்தான். ஊர் ஊராகப் போனோம். பெண்கள் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஊர் எல்லைக்கே வந்து நிற்பார்கள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

கெர் யோரோ கூட்டத்தில்தான் வினை வந்தது. டாம்சிர் பேச எழுந்தார். முன்வரிசையில் கையை ஊன்றி ஒரு பெரியவரும் எழுந்தார். பா மாதார் ஜோப். பெந்தாவின் கணவர். பட்டா வாங்கிய நாற்பத்தொரு ஆண்களில் ஒருவர்.

"ஏய் அடிமை!" என்று கூப்பிட்டார். கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டது. "உன்னை யாரு பாஞ்சூல்லேருந்து அவுத்து விட்டது? எசமான்கிட்டக் கேக்காம மேடை ஏறலாமா நீ?"

"எசமானே, நீங்க தூங்கிட்டிருந்தீங்க. பானை காலியானா ஜோப்புக்குத் தூக்கம் வந்துடுமே!"

"பானை காலின்னா என்ன? உங்க அப்பன் வந்து ரொப்புவான்."

"அப்பன் எதுக்கு? நானே ரொப்புறேன்!"

சொன்னவர் மேடையிலிருந்து குதித்தார். காருக்கு ஓடினார். டிக்கியைத் திறந்தார். என் அரிசி! நான் "ஐயோ" என்று கத்துவதற்குள் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து பா மாதாரின் காலடியில் தொப்பென்று போட்டார்.

"தின்னு திருடா! இந்த மூட்டைக்கு நான் உன்னை வாங்கிட்டேன். இனிமே நீ எனக்கு அடிமை!"

ஊரே உருண்டு புரண்டு சிரித்தது. ந்ஜாய் வீட்டுக்காரர்கள் எல்லாம் "திருடா, திருடா" என்று கூவினார்கள். பா மாதார் மூட்டை மேலேயே உட்கார்ந்துகொண்டு ராஜா மாதிரி கையசைத்தார். பெந்தாவும் ந்ஜாய்தானே, அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. வேலியோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்கு எங்கே அறிவு வேலை செய்தது? அரிசி போன துக்கத்தில் இருந்தேன்.

ஓட்டு நாள் வந்தது. எங்கள் நாட்டில் ஓட்டுக்குக் கோலிக்குண்டு. ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். மறைப்புக்குள் போனால் வேட்பாளருக்கு ஒன்றாக வர்ணம் அடித்த தகர டிரம்கள் நிற்கும். டாம்சிருக்கு மஞ்சள், அல்ஹாஜிக்குப் பச்சை. குழாயில் கோலியைப் போட்டால் உள்ளே இருக்கும் மணியில் பட்டு 'டிங்' என்று ஒரு சத்தம். வெளியே அதிகாரி காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார். ஒரு ஆளுக்கு ஒரு டிங். இரண்டு கேட்டால் பிடித்துவிடுவார்கள். அன்றைக்குச் சாவடிப் பக்கம் சைக்கிளில் போகிறவர்கள்கூட மணி அடிக்கக் கூடாது. நான் எங்கள் தரப்பு ஏஜெண்டாக விடிந்ததிலிருந்து அங்கேயே உட்கார்ந்து, ஒவ்வொரு டிங்குக்கும் நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ள, எந்த டிரம், எந்த டிரம் என்று தவித்தேன். சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காகத்தானே அப்படி வைத்திருக்கிறார்கள்!

எண்ணும்போது கோலிகளைக் குழி வைத்த பலகையில் பரப்பினார்கள். பலகை நிறைய நிறைய நான் பக்கத்திலிருந்தவளின் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தேன். கடைசிப் பலகையில் மஞ்சளுக்கு ஒன்பது கோலி அதிகம். ஒன்பது! இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் மிச்சம். டாம்சிர் அந்தப் பலகையைத் தானே மறுபடி எண்ணினார். நாற்பத்தொரு பெண்களும் டப்பாவைத் தட்டிய தட்டில் அந்தக் கட்டடத்தின் கூரை கழன்று விழாதது அதிசயம்.

வெற்றி மூன்று வாரம்தான் நிம்மதியாக இருந்தது. அல்ஹாஜி தேர்தல் வழக்குப் போட்டார். "வாக்காளருக்கு அரிசி கொடுத்தார். அடிமையாக வாங்கிவிட்டதாக மிரட்டினார்." நிரூபணமானால் பதவி போகும். ஏழு வருஷம் நிற்க முடியாது. வக்கீல் சன்னதையும் பிடுங்கிவிடுவார்கள். வயல் யார் உழைப்போ அவர்கள் பெயரில்தான் பட்டா என்று டாம்சிர் எழுதி, நான் பதினாறு தடவை டைப் அடித்த மசோதா, அடுத்த திங்கட்கிழமைப் பட்டியலில் இருந்தது. வழக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளி தோற்றால் திங்கள் இல்லை.

இதில் அல்ஹாஜியின் முதல் சாட்சி யார் என்று நினைக்கிறீர்கள்? பா மாதார்! சம்மன் போயிருந்தது. நான் நேரே டாம்சிரிடம் போனேன்.

"அந்த மனுஷன் பேருல பட்டா இருக்கு சார். உங்க மசோதா வந்தா அவரு வயலு போகுது. உங்களைக் காப்பாத்த அவருக்கு என்ன தலையெழுத்தா?"

"அவரு ஜோப், சோனா."

"ஜோப்னா? எங்க குலத்துல நல்லவங்களும் இருக்காங்க, நிலத்தாசை பிடிச்சவங்களும் இருக்காங்க. நான் சொல்றேன், கேளுங்க."

"அதெல்லாம் இல்லை. திருடங்க மட்டும்தான் இருக்கீங்க" என்று சிரித்தார். ஆனால் கையில் இருந்த டீயைக் குடிக்காமலே ஆறவிட்டார்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டில் நிற்க இடமில்லை. நீதிபதி கானாவிலிருந்து வந்தவர், ஜஸ்டிஸ் அம்போஃபோ. நேர்மையானவர், எங்கள் நாட்டுக்கு வந்து ஐந்தே மாதம். எங்கள் பேச்சு அவருக்குத் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் சொல்வதுதான் வேதம். அல்ஹாஜியின் வக்கீல் அகஸ்டஸ் கோல், கஞ்சி போட்ட காலர் மாதிரியே நிமிர்ந்த மனுஷர், பா மாதாரைக் கூண்டில் ஏற்றி, அன்று மேடையடியில் என்ன பேச்சு நடந்தது என்று கேட்டார். பா மாதார் சொல்லச் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் வார்த்தைக்கு வார்த்தை சொன்னார்.

"'தின்னு, திருடா. இந்த மூட்டைக்கு நான் உன்னை வாங்கிவிட்டேன். இனிமேல் நீ எனக்கு அடிமை.'"

நீதிபதியின் பேனா நின்றது. கண்ணாடியைக் கழற்றி டாம்சிரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒரு வக்கீல்... ஒரு முதியவரிடம்... இப்படிச் சொன்னாரா?"

"ஆமாம்" என்றார் பா மாதார்.

"நீங்கள் அரிசியை வாங்கிக்கொண்டீர்களா?"

"ஆமாம்."

முடிந்தது கதை என்று நினைத்தேன். பெரியவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கூண்டில் கேட்டதற்கு மட்டும் பதில் சொல், சிரிக்காதே என்று கோல் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். மாடத்தில் பெண்களுக்கு நடுவே பெந்தா உட்கார்ந்திருந்தாள். அவளும் கல்லாகத்தான் இருந்தாள்.

டாம்சிர் தன் வழக்கைத் தானே நடத்தினார். குறுக்கு விசாரணைக்கு எழுந்து, கையில் இருந்த காகிதங்களை மேஜை மேல் வைத்துவிட்டு, கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். எங்கள் பேச்சில், சத்தமாகக் கேட்டார்.

"என்ன ஜோப், இப்படி இளைச்சுப் போயிட்டே? என் மூட்டை தீர்ந்ததுலேருந்து பட்டினியா?"

மாடத்தில் யாரோ களுக்கென்றார்கள். "ஆட்சேபிக்கிறேன்!" என்று கோல் துள்ளினார். மொழிபெயர்ப்பாளர் திருதிருவென்று விழித்து, ஒரு வழியாக மொழிபெயர்த்தார். நீதிபதியின் முகம் கறுத்தது.

"மிஸ்டர் ந்ஜாய், சாட்சியை அவமதிக்கிறீர்களா?"

"இன்னும் ஒரே ஒரு கேள்வி, மை லார்ட்." திரும்பினார். "ஜோப், சத்தியம் பண்ணும்போது ஒரு கையைத்தானே புத்தகத்துல வெச்சே? இன்னொரு கை எங்கே இருந்தது? யாரு வீட்டுச் சட்டியிலே?"

பா மாதாரின் மீசை துடித்தது. உதட்டைக் கடித்தார். கூண்டுக் கட்டையை இறுக்கிப் பிடித்தார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். பேசு பெரியப்பா, பேசிடு, உன் வாய்க்கு என்ன ஆச்சு!

"எசமானே!" என்று நீதிபதியைப் பார்த்துக் கை கூப்பாத குறையாகக் கத்தினார் பெரியவர். "எனக்கு அனுமதி கொடுங்க. இந்த அடிமைக்கு நான் பதில் சொல்லலேன்னா என் சோறு செரிக்காது! இவன் தாத்தாவை என் தாத்தா ஒரு நொண்டிக் கழுதையைக் கொடுத்து வாங்கினாரு. மறுநாளே கழுதையைத் திருப்பிக் கொடுங்கன்னு அழுதாரு. கழுதையாவது சொன்ன பேச்சுக் கேக்கும்!"

கோர்ட்டு வெடித்தது. போலீஸ்காரர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தார்கள். நீதிபதி சுத்தியலால் அடித்த அடி யார் காதிலும் விழவில்லை.

அடங்கியதும் அவர் மெதுவாகக் கேட்டார். "பெரியவரே, இவர் மேல் உங்களுக்குக் கோபம் இல்லையா?"

"கோபமா? ந்ஜாய் மேல கோபப்பட்டேன்னு தெரிஞ்சா எங்க அப்பா கபுருக் குழியிலேருந்து எழுந்து வந்து அறைவாரு!"

நீதிபதி சிறிது யோசித்தார். சுற்றிலும் பார்த்தார். "இந்த அறையில் ஜோப்கள் யார்? எழுந்திருங்கள்." கால்வாசிக் கூட்டம் எழுந்தது. நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். "ந்ஜாய்கள்?" இன்னொரு கால்வாசி. வாசலில் துப்பாக்கியோடு நின்ற போலீஸ்காரர் விறைப்பாக ஓர் அடி முன்னால் வந்தார். மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கி ஜோப் பக்கம் கை தூக்கினார்.

"நீ" என்று போலீஸ்காரரைக் காட்டினார் நீதிபதி. "இவரிடம் உன் வழக்கப்படி ஏதாவது சொல்."

போலீஸ்காரர் சல்யூட் அடித்துவிட்டு மொழிபெயர்ப்பாளரைப் பார்த்தார். "திருடா, உன்னைப் புடிக்கத்தான் எனக்குச் சம்பளமே கொடுக்கறாங்க."

"பூட்ஸைத் தொடைடா அடிமை" என்றார் மொழிபெயர்ப்பாளர். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, இரண்டையும் மரியாதையாக இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொன்னார். நீதிபதி முதல் தடவையாகச் சிரித்தார்.

நான் குதிக்காத குறை. ஆனால் கோல் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து நின்று அமைதியாகச் சொன்னார். "கனம் கோர்ட்டார் அவர்களே, வார்த்தை கேலியாக இருக்கலாம். அரிசி கேலி இல்லை. அது வேகும். பெரியவரே, அதைப் பொங்கினீர்களா?"

"பொங்கினோம்."

"தின்றீர்களா?"

"ஒரு பருக்கை விடாம."

"தின்ற பிறகு உங்கள் மனம் மாறியதா, இல்லையா? எந்த டிரம் என்று நான் கேட்கவில்லை, சட்டப்படி கேட்கவும் கூடாது. இவர் கொடுத்த அரிசி உங்கள் மனத்தை மாற்றியதா?"

சிரிப்பெல்லாம் வற்றிப்போயிற்று. நீதிபதி முன்னால் சாய்ந்து பேனாவை எடுத்தார். எல்லாம் இந்த ஒரு பதிலில் தொங்கியது. பா மாதார் நிமிர்ந்து மாடத்தைப் பார்த்தார். பெந்தா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எசமானே, ஆத்தோர வயலு என் பேருல இருக்கு. இந்த அடிமை ஜெயிச்சா அது என் கையை விட்டுப் போயிடும். ஊருக்கே தெரியும். ஒரு மூட்டை நொய்யரிசிக்காக எவனாவது தன் வயலைத் தானே தொலைச்சுக்குவானா?"

நீதிபதி தலையை ஆட்டிக்கொண்டே எழுதினார். மத்தியானத் தொழுகை முடிந்து கோர்ட்டு மறுபடி கூடியதும் தீர்ப்பைப் படித்தார். மூட்டை லஞ்சம் அல்ல, இரண்டு குலத்தின் வழக்கத்தில் வந்த வசவு. மனு தள்ளுபடி. படித்து முடித்துவிட்டு, இந்த நாட்டுக்கு வருகிற நீதிபதிகளுக்கு இதை முதல் நாளே யாராவது சொல்லிவைப்பது நல்லது என்றும் சேர்த்துக்கொண்டார்.

வெளியே ஒரே களேபரம். டாம்சிரை ஆள் மாற்றி ஆள் தோளில் தூக்கினார்கள். நான் பா மாதாரைத் தேடி ஓடினேன். வேப்பமரத்தடியில் தனியாக நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"பெரியப்பா! நம்ம குல மானத்தைக் காப்பாத்திட்டீங்க. மஞ்சளுக்கு நீங்க போடலைன்னாலும் பரவாயில்ல, உண்மையைச் சொன்னீங்களே, அது போதும்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மஞ்சளுக்குப் போடலைன்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"அதான் உள்ளே சொன்னீங்களே!"

"நல்லா நினைச்சுப் பாரு. கேள்விதானே கேட்டேன். அரிசிக்காக எவனாவது வயலைத் தொலைப்பானான்னு கேட்டேன். தொலைக்க மாட்டான். நானும் அரிசிக்காகத் தொலைக்கல."

பதினோரு வருஷம் வக்கீல் ஆபீஸில் குப்பை கொட்டியவள் நான்! என் கண்முன்னே இந்தக் கடலைக் காட்டுக்காரர் ஒரு வக்கீலையும் ஒரு நீதிபதியையும் சுற்றலில் விட்டிருக்கிறார்.

"அப்ப எதுக்காக, பெரியப்பா?"

"உங்க பெரியம்மா ந்ஜாய், தெரியுமில்ல? கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம். தினம் காலையிலே கிண்ணத்தை முன்னால வெக்கும்போது, 'இந்தா அரிசித் திருடா, தின்னு'ன்னுதான் வெப்பா. காய்ச்சல்ல கிடந்தாலும் சொல்லுவா. எங்க மூத்த பையன் தவறிப்போய் நாப்பது நாள் வீடு இருண்டு கிடந்தது. நாப்பத்தோராம் நாள் அந்த வார்த்தையைச் சொன்னா. அன்னிக்குத்தான் எனக்கு உசிரு வந்துச்சு. அந்தப் பட்டாக் காகிதம் வந்துச்சே, அன்னியிலேருந்து ஒரு தடவைகூடச் சொல்லல. கிண்ணத்தை வெக்கிறா, போயிடறா."

"ஏன்?"

"ஏன்னா அது இப்ப கேலி இல்லம்மா. நிசம்."

அவர் குரல் உடைந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் ந்ஜாய்கள் எல்லாரும் 'திருடா' என்று கூவியபோது, வேலியோரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற பெந்தா என் கண்முன் வந்தாள். கூச்சமாம்! என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

"காகிதத்தைக் கிழிச்சுப் போட்டிருக்கலாமே!"

"கிழிச்சா ஆபீஸ்ல இன்னொண்ணு இருக்காம். அவ பேருக்கு மாத்துங்கன்னு போய்க் கேட்டேன். பொம்பளை பேருக்கு எழுத சட்டம் இல்லையாம். அப்புறம்தான் கோலியை எடுத்துக்கிட்டுப் போனேன். அந்த டிங் சத்தம் இருக்கே, அவ்வளவு சின்னச் சத்தம். எனக்கு ஊரே கேட்ட மாதிரி இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதை அந்த அடிமைகிட்ட மட்டும் சொல்லித் தொலைக்காதே. ஒரு ஜோப் எனக்குக் கோலி போட்டான்னு சாகுற வரைக்கும் பீத்திக்குவான்."

சொல்லவில்லை. இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மசோதா சபைக்கு வந்தது. வந்த வேகத்தில் நிறைவேறிவிடுமா? ஐந்து வாரம் இழுத்தார்கள். குடும்பம் குலைந்துபோகும் என்றார்கள், மழையே பொய்த்துவிடும் என்றார் ஒரு மகானுபாவர். டாம்சிர் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நடந்தார். ஜோப் குலத்து அங்கத்தினர்கள் மூன்று பேரை நான் பார்த்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்பது இங்கே வேண்டாம். ஓட்டெடுப்பு அன்று காலையிலேயே கெர் யோரோப் பெண்கள் படகேறி வந்து பார்வையாளர் மாடத்தை நிரப்பிவிட்டார்கள். டப்பா கொண்டுவரக் கூடாதென்று காவலர் பிடுங்கி வைத்ததால் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஆண்கள் நாலைந்து பேர். அதில் பா மாதார். பெந்தா இரண்டு வரிசை முன்னால் இருந்தாள், முதுகு காட்டிக்கொண்டு.

டாம்சிர் கடைசியாகப் பேசினார். குறைவாகத்தான் பேசினார். "அந்தத் தெருமுனைக் கட்டடத்தில் என்னைத் தோற்கடித்தது நீதிபதி இல்லை, இந்தக் கட்டடத்தில் எழுதிய ஒரு வரி. அதை மாற்றத்தான் வந்தேன். மாற்றிக் கொடுங்கள், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெயர் சொல்லிக் கூப்பிட, ஆளுக்கு ஆள் எழுந்து ஆம், இல்லை என்றார்கள். நான் முழங்காலில் விரல் விட்டு எண்ணினேன். நடுவில் எண்ணிக்கை தப்பிவிட்டது. சபாநாயகர் காகிதத்தைப் பார்த்தார். இரண்டு ஓட்டு அதிகத்தில் நிறைவேறியது என்றார்.

நான் கத்திய கத்தல் பதிவேட்டில் 'மாடத்தில் குழப்பம்' என்று இருக்கிறதாம். இருக்கட்டும். பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி விழுந்து அழுதார்கள், பாடினார்கள். டப்பா இல்லாவிட்டால் என்ன, பெஞ்சு இல்லையா? அதைத் தட்டினார்கள். காவலர்கள் கெஞ்சிப் பார்த்துவிட்டு அவர்களும் சிரிக்க ஆரம்பித்தார்கள். கீழே டாம்சிர் தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

பா மாதார் மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பெந்தா எழுந்தாள். தலைத்துணியை அவிழ்த்து, உதறி, நிதானமாகக் கட்டிக்கொண்டாள். படிகளில் ஏறி அவர் முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்ன அரிசித் திருடா, இங்கேயே உக்காந்துட்டா வீட்ல யாரு திருடுறது? எழுந்திரு, படகு போயிடும்."

அவர் எழுந்திருக்கவில்லை. முகமெல்லாம் நனைந்து வழிய, காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு அவளையே பார்த்தார்.

"சத்தத்துல சரியாக் கேக்கல அடிமை. இன்னொரு தடவை சொல்லு."